ஏர்லி டிசிஷனா, ரெகுலரா? அமெரிக்கக் கல்லூரி வாய்ப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறந்ததும் எனக்கு இரண்டு திசையிலிருந்து போன் வரும். ஒன்று நியூஜெர்சியிலேயே இருக்கும் நண்பர்கள் வீட்டிலிருந்து. இன்னொன்று சென்னை, கோவைப் பக்கத்து உறவினர்களிடமிருந்து. கேள்வி மட்டும் ஒன்றுதான். "ஏர்லியில் போட்டால் பதினெட்டு சதவீதம் எடுக்கிறார்களாம், ரெகுலரில் நாலு சதவீதம்தானாம். அப்புறம் யோசிக்க என்ன இருக்கு?"

யோசிக்க நிறைய இருக்கிறது. அந்தப் பதினெட்டும் பொய்யில்லை, நாலும் பொய்யில்லை. ஆனால் இரண்டுமே உங்கள் பிள்ளையின் வாய்ப்பு இல்லை.

நமக்கு இது குழம்புவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கை என்றால் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். போன வருடம் அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் மூடியது என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். அமெரிக்காவின் தனியார் கல்லூரிகளில் அப்படி ஒரு கோடே கிடையாது. மதிப்பெண், கட்டுரை, ஆசிரியர் கடிதம், வகுப்புக்கு வெளியே செய்தது, வீட்டு நிலைமை எல்லாவற்றையும் சேர்த்துப் படித்து ஒரு குழு முடிவெடுக்கிறது. பிடித்துக்கொள்ளக் கட்-ஆஃப் இல்லாததால் நாம் சேர்க்கைச் சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறோம். சரி, அந்தச் சதவீதத்தை எப்படிப் படிப்பது, படித்த பிறகு என்ன முடிவெடுப்பது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் பெயர்கள்

ஏர்லி டிசிஷனைச் சுருக்கமாக இ.டி. என்பார்கள். நம்மூரில் அது அமலாக்கத் துறை. ரெகுலர் டிசிஷன் ஆர்.டி.; அது நம்மூரில் தபால் ஆபீஸ் சேமிப்பு. ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் போனில் பேசும்போது இதனால் சில வேடிக்கைகள் நடக்கும்.

இ.டி. என்பது ஒப்பந்தம். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். இடம் கொடுத்தால் கட்டாயம் சேர வேண்டும், மற்ற எல்லா விண்ணப்பங்களையும் திரும்பப் பெற வேண்டும். மாணவர், பெற்றோர், கல்லூரி விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் பள்ளியின் கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1, முடிவு டிசம்பர் நடுவில்.

பல கல்லூரிகளில் இ.டி. இரண்டாம் சுற்றும் உண்டு. விதி அதேதான், கடைசி நாள் ஜனவரி தொடக்கம், முடிவு பிப்ரவரி நடுவில். ஜான்ஸ் ஹாப்கின்ஸ், வாண்டர்பில்ட், எமரி, என்.ஒய்.யூ., டஃப்ட்ஸ், சிகாகோ எல்லாம் இந்த வகை. பெயர்பெற்ற எட்டுப் பழைய தனியார் பல்கலைக்கழகங்களின் கூட்டமான ஐவி லீகில் இ.டி. வைத்திருக்கும் பிரவுன், கொலம்பியா, கார்னெல், டார்ட்மத், பென் ஆகிய ஐந்துக்கும் முதல் சுற்று மட்டும்தான்.

ஏர்லி ஆக்‌ஷன், அதாவது இ.ஏ., பெயரில் மட்டும் உறவுக்காரர். சீக்கிரம் போடுகிறோம், சீக்கிரம் பதில் வருகிறது, கட்டாயம் எதுவும் இல்லை. மே 1 வரை யோசிக்கலாம். எம்.ஐ.டி., ஜார்ஜியா டெக், பர்டியூ, இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்ன் எல்லாம் இப்படி. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் நான்கும் நடுவில் நிற்கின்றன. கட்டாயம் இல்லை, ஆனால் அதே நேரத்தில் வேறு தனியார் கல்லூரிக்கு ஏர்லியில் போடக் கூடாது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் போடலாம்.

ரெகுலர் எல்லோருக்கும் பொதுவான வழி. ஜனவரி முதல் வாரங்களில் போட்டு, மார்ச் கடைசியில் முடிவு தெரிந்து, மே 1-க்குள் பதில் சொல்வது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் இந்தப் பட்டியலிலேயே வராது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் உட்பட எந்த வளாகத்துக்கும் ஏர்லி என்ற பேச்சே இல்லை. நவம்பர் முடிவுக்குள் எல்லோரும் போட வேண்டிய ஒரே வரிசை.

இப்போது கணக்கு

பிரவுன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். எண்களை வெளிப்படையாகச் சொல்லும் இடம், கணக்கும் சுலபமாகப் புரியும். 2025 இலையுதிர் காலத்தில் சேர இ.டி.-யில் போட்டவர்கள் 5,048 பேர். அதில் இடம் கிடைத்தது 906 பேருக்கு. கிட்டத்தட்ட 18 சதவீதம். இரண்டு சுற்றும் சேர்த்து மொத்த விண்ணப்பம் 42,765, மொத்த இடம் 2,418. அதாவது 5.65 சதவீதம்.

பலரும் இந்த இடத்திலேயே தவறு செய்கிறார்கள். 18-ஐ 5.65-உடன் ஒப்பிடக் கூடாது. அந்த 5.65-க்குள் இ.டி.-யில் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். 42,765-இல் 5,048 போனால் 37,717 பேர். 2,418-இல் 906 போனால் 1,512 இடம். இது 4 சதவீதம். இ.டி.-யில் முடிவு சொல்லாமல் ரெகுலருக்குத் தள்ளிவைத்தவர்களில் சிலரும் அந்த 1,512-க்குள் இருப்பார்கள் என்பதால் ரெகுலரில் புதிதாகப் போட்டவர்களின் உண்மைச் சதவீதம் 4-க்கும் கொஞ்சம் கீழேதான்.

இதோடு நிறுத்தாமல் நாற்காலியையும் எண்ணிப் பாருங்கள். பிரவுனின் முதலாம் ஆண்டு வகுப்பில் சுமார் 1,700 பேர். டிசம்பரிலேயே 906 நாற்காலி போய்விட்டது. மீதி சுமார் 800 நாற்காலிக்காக 1,512 பேருக்குக் கடிதம் போகிறது. ரெகுலரில் ஒரு நாற்காலி நிரம்ப இரண்டு கடிதம் தேவைப்படுகிறது. ஏனென்றால் அந்தப் பிள்ளைகளின் கையில் வேறு நாலு கல்லூரிக் கடிதமும் இருக்கும். இ.டி.-யில் ஒரு கடிதம் கொடுத்தால் ஒரு நாற்காலி நிச்சயம். கல்லூரிகள் இந்த முறையை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான். கல்யாணத்துக்கு எத்தனை இலை போடுவது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் சமையல்காரருக்கு எவ்வளவு நிம்மதி, அதே நிம்மதி.

இதே கணக்கை உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் நீங்களே போடலாம். கல்லூரியின் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று சேர்த்துத் தேடினால், பெரும்பாலானவை வருடா வருடம் வெளியிடும் ஒரு நீண்ட படிவம் கிடைக்கும். அதில் சி1 பகுதியில் மொத்த விண்ணப்பமும் மொத்தச் சேர்க்கையும் இருக்கும். சி21-இல் இ.டி. எண்கள் இருக்கும். சி7-இல் எதை எவ்வளவு முக்கியமாகப் பார்க்கிறார்கள் என்ற அட்டவணை. "விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வம்" என்ற வரியைக் கட்டாயம் பாருங்கள். சி9-இல் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வரம்பு. எச்6-இல் வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்தக் கல்லூரி எவ்வளவு உதவித்தொகை கொடுத்தது என்று இருக்கும். இந்தியாவிலிருந்து போடுபவர்கள் இந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு மூன்று வருட எண்களை எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆலோசகர்களுக்குப் பணம் கட்டிக் கேட்பதில் பாதி இந்தத் தாளிலேயே வந்துவிடும்.

கழிக்க வேண்டியவர்களைக் கழியுங்கள்

இனி அந்த 18 சதவீதத்துக்குள் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதலில் விளையாட்டு வீரர்கள். பயிற்சியாளர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து, மதிப்பெண்ணைச் சேர்க்கை அலுவலகத்தில் காட்டிப் பச்சைக்கொடி வாங்கி, "இ.டி.-யில் போடு" என்று சொல்லி அனுப்பியவர்கள். இவர்களுக்குச் சதவீதம் என்று எதுவும் இல்லை, கிட்டத்தட்ட உறுதி. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்ற சிறிய கல்லூரிகளில் மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கல்லூரி அணியில் இருப்பவர். அங்கே இ.டி. இடங்களில் இவர்களின் பங்கு எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம்.

அடுத்து, அதே கல்லூரியில் படித்தவர்களின் பிள்ளைகள். பேராசிரியர்களின் பிள்ளைகள். பெரும் நன்கொடையாளர் குடும்பங்கள். ஹார்வர்டுக்கு எதிரான வழக்கில், 2023-இல் உச்ச நீதிமன்றம் இனவாரி முன்னுரிமையை நிறுத்திய அதே வழக்கில், வெளிவந்த தரவை ஆராய்ந்தபோது, அங்கே இடம் கிடைத்த வெள்ளையின மாணவர்களில் 43 சதவீதம் பேர், விளையாட்டு வீரர்களையும் சேர்த்து, இந்த வகைகளில் ஏதோ ஒன்றில் வந்தவர்கள் என்று தெரிந்தது. எல்லாக் கல்லூரியும் ஒன்றில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஆம்ஹர்ஸ்ட், எம்.ஐ.டி. ஆகியவை பழைய மாணவர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுப்பதில்லை.

ஒரு பேச்சுக்கு, பிரவுனின் 906-இல் இப்படிப்பட்டவர்கள் 300 பேர் என்று வைத்துக்கொள்வோம். இது நானாக வைத்துக்கொண்ட எண், கல்லூரி சொன்னதில்லை. இரண்டு பக்கத்திலும் கழித்தால் 4,748 பேரில் 606 பேர். 18 என்பது 13-க்கு அருகே இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகும் 13-க்கும் 4-க்கும் இடைவெளி பெரியதுதானே என்று கேட்பீர்கள். பெரியதுதான். அதில் ஒரு பகுதி, இ.டி.-யில் போடுகிறவர்கள் பொதுவாக நவம்பருக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடும் தயாரிப்பு உள்ளவர்கள், நல்ல கவுன்சிலர் இருக்கும் பள்ளியில் படிப்பவர்கள் என்பதால் வருவது. ரெகுலர் கூட்டத்தில் "சும்மா போட்டுப் பார்ப்போம்" என்று போட்ட ஆயிரக்கணக்கானவர்களும் உண்டு. மீதிப் பகுதி உண்மையான சலுகை. ஹார்வர்டின் கிறிஸ்டோபர் ஏவரியும் அவர் குழுவினரும் 1990-களில் 14 முன்னணிக் கல்லூரிகளுக்கு வந்த விண்ணப்பங்களை ஆராய்ந்து, 2003-இல் சொன்ன முடிவு இன்றும் பேசப்படுகிறது: ஏர்லியில் போடுவதன் பலன், எஸ்.ஏ.டி.-யில் சுமார் 100 மதிப்பெண் கூடுதலாக எடுத்ததற்குச் சமம். காலம் மாறியிருக்கிறது, ஆனாலும் நான் அதை ஒரு நல்ல அளவுகோலாகவே பார்க்கிறேன்.

நூறு மதிப்பெண் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அது எல்லைக்கோட்டில் நிற்பவரைத்தான் உள்ளே தள்ளும். கோட்டுக்கு வெகு தொலைவில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு வராது. "மார்க் கொஞ்சம் குறைவுதான், அதனால்தான் ஏர்லியில் போடுகிறோம்" என்று யாராவது சொன்னால் எனக்கு அதனால்தான் கவலை வரும்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கு மிக முக்கியமானது. வெளியிடப்படும் சதவீதம் முழுக் கல்லூரிக்கானது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கானது இல்லை. படிப்புப் பிரிவைப் பார்த்துச் சேர்க்கும் இடங்களில், கார்னெல் பொறியியலோ பென்னின் வார்ட்டன் வணிகப் பள்ளியோ, கூட்டம் வேறு, போட்டி வேறு. இந்தியாவிலிருந்து போடுகிறவர்களுக்கு இன்னும் ஒரு படி கீழே இறங்கும். அவர்கள் வெளிநாட்டு மாணவர் என்ற தனிக் கூட்டத்தில் போட்டியிடுகிறார்கள்.

இ.ஏ.-வில் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். 2025-இல் சேர எம்.ஐ.டி.-க்கு ஏர்லியில் போட்டவர்கள் 12,053 பேர், எடுத்தது 721, ஆறு சதவீதம். மொத்தமாகப் பார்த்தால் 29,282-இல் 1,334, நாலரை சதவீதம். எப்போது போட்டாலும் ஒன்றுதான் என்று எம்.ஐ.டி. வெளிப்படையாகவே சொல்கிறது. அதனால் அங்கே இ.ஏ. போடுவதற்குக் காரணம் சீக்கிரம் பதில் தெரியும் என்பது மட்டும்தான், அதுவே போதுமான காரணம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்

இதை நான் நாலாவதாக எழுதினாலும் வீட்டில் முதலில் பேச வேண்டியது இதுதான். தனியார் கல்லூரிகளில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலரைத் தாண்டிவிட்டது. ரூபாயில் முக்கால் கோடிக்கு மேல். நாலு வருடத்துக்கு மூன்று கோடிக்கு மேல்.

இ.டி.-யில் போட்டால் ஒரே ஒரு விலைச்சீட்டுதான் கைக்கு வரும். கொத்தவால்சாவடியில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது சங்கடமாகவே இருக்கும். ரெகுலரில் ஏப்ரல் மாதம் நாலைந்து கடிதங்களை மேஜையில் பரப்பி வைத்து, ஒரு கல்லூரியின் உதவித்தொகையை இன்னொன்றுக்குக் காட்டிக் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம். அந்த வாய்ப்பை இ.டி.-யில் முழுதாக விட்டுக்கொடுக்கிறோம். ஐவி கல்லூரிகள் மதிப்பெண்ணுக்காகப் பணம் தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு அமெரிக்கக் கல்லூரியின் தளத்திலும் "நெட் பிரைஸ் கால்குலேட்டர்" ஒன்று இருக்கும். 2011 முதல் சட்டப்படி கட்டாயம். வருமானம், சேமிப்பு, வீடு எல்லாவற்றையும் உண்மையாகப் போட்டு, உங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பங்களுக்கும் இது தவறாகக் காட்டும். அவர்கள் நிதி உதவி அலுவலகத்துக்கே நேரடியாக எழுதி, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு மதிப்பீடு கேட்கலாம். பல இடங்களில் செய்து கொடுக்கிறார்கள்.

அப்புறம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: டிசம்பரில் இந்தத் தொகையோடு கடிதம் வந்தால், வேறு எதையும் ஒப்பிடாமல் சரி என்று சொல்வோமா? ஒரு நொடி தயங்கினாலும் இ.டி. வேண்டாம் என்பதே என் கருத்து.

பணம் போதாவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விலக வழி இருக்கிறதா? இருக்கிறது. நிதி உதவிக்கு விண்ணப்பித்து, கிடைத்த உதவியால் படிக்க முடியாது என்றால் இடத்தை மறுக்கலாம் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. நிதி உதவியே கேட்காதவர்களுக்கு இந்தக் கதவு இல்லை. விலகுவதற்கு முன் கல்லூரியின் நிதி அலுவலகத்திடம் பேசி, மறுபரிசீலனை கேட்க வேண்டும். "இன்னொரு கல்லூரி பிடித்துப்போச்சு" என்பதெல்லாம் காரணமாகாது. இது நீதிமன்றத்துக்குப் போகிற ஒப்பந்தம் இல்லைதான். ஆனால் பள்ளியின் பெயர் கெடும். ஒரு மாணவர் வாக்கு மாறியதற்காக டுலேன் பல்கலைக்கழகம் அந்தப் பள்ளி மாணவர்களுக்கே ஒரு வருடம் இ.டி. கதவை மூடியதாக 2025-இல் செய்தி வந்தது. அடுத்த வருடத்துப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் நடக்கிறது.

இந்தியாவிலிருந்து போடுபவர்கள் "நீட் பிளைண்ட்", "நீட் அவேர்" என்ற இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நீட் நம்மூர் மருத்துவத் தேர்வு இல்லை, பணத் தேவை. முதலாவது, பணம் கேட்கிறாரா என்று பார்க்காமல் சேர்க்கை முடிவெடுப்பது. வெளிநாட்டு மாணவர்களுக்கும் அப்படிச் செய்யும் இடங்கள் கைவிரல்களில் எண்ணும் அளவுதான்: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், பௌடன், அண்மையில் சேர்ந்த பிரவுன், நோட்ரடாம் போன்றவை. மற்ற இடங்கள் இரண்டாவது வகை, அங்கே உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கும். அதற்காகக் கேட்காமல் போட்டுவிட்டுச் சேர்ந்த பிறகு கேட்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முதலில் கேட்காத வெளிநாட்டு மாணவருக்கு நாலு வருடமும் கிடையாது என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. என் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு இது தெரியாமல் போனது. டிசம்பரில் இடம் கிடைத்த சந்தோஷம், ஜனவரியில் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கி வங்கியாக ஏறும் அலைச்சலாகிப் போனது.

அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு வேறு சிக்கல். உதவி கிடைக்க வருமானம் அதிகம், கையை விட்டுக் கட்ட வருமானம் குறைவு. இவர்களுக்கு ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் வரை உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கட்டணமே இல்லை என்று 2025 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கும் ஹார்வர்டும் எம்.ஐ.டி.-யும் இ.டி. வைத்திருக்கும் இடங்கள் அல்ல. கையெழுத்து வாங்காத இடத்திலும் கை தாராளமாக இருக்கிறது. நீங்கள் வேறொரு கல்லூரியின் இ.டி.-யில் மாட்டிக்கொண்டால் மார்ச் மாதம் இந்தக் கதவுகளைத் தட்டவே முடியாது.

எந்தக் கல்லூரிக்கு அந்த ஒற்றைச் சீட்டு

பணம் ஒத்துவருகிறது என்று வைத்துக்கொள்வோம். இ.டி. என்பது கையில் இருக்கும் ஒரே ஒரு துருப்புச் சீட்டு. அதை எங்கே போடுவது?

ஒரு கல்லூரியின் எஸ்.ஏ.டி. வரம்பில் நடுப்பகுதியிலோ அதற்குச் சற்று மேலேயோ பிள்ளை இருக்க வேண்டும். அந்தக் கல்லூரியில் இ.டி.-க்கும் ரெகுலருக்கும் இடைவெளி அதிகமாக இருக்க வேண்டும். பேட்ஸ், மிடில்பரி, பார்னர்ட், டுலேன் போன்ற இடங்களில் வகுப்பில் பாதிக்கு மேல் இ.டி.-யிலேயே நிரம்பிவிடுகிறது. அங்கே ரெகுலரில் போடுவது, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் எதிர்பார்ப்பது மாதிரி. அப்படிப்பட்ட கல்லூரி உண்மையிலேயே பிடித்திருந்தால் இ.டி. போடுவதுதான் புத்திசாலித்தனம்.

மாறாக, "எப்படியும் கிடைக்காது, ஒரு முயற்சி" என்று எட்டாத கல்லூரியில் அந்தச் சீட்டை வீணடிப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். 4 சதவீதம் 8 ஆனாலும் 92 பேர் வெளியேதான். அதே சீட்டை 15 சதவீதம் 35 ஆகிற இடத்தில் போட்டிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். இந்த இடத்தில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சண்டை வரும். பெரும்பாலும் எட்டாத பெயரைப் பிடித்துத் தொங்குவது பிள்ளை இல்லை, நாம்தான். வாரயிறுதியில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டுமே.

பிள்ளை அந்தக் கல்லூரியை நேரிலோ இணையவழியிலோ நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். வகுப்புகளின் பெயர் சொல்லி, "இதைப் படிக்க இங்கே போக வேண்டும்" என்று அவனோ அவளோ சொல்ல வேண்டும். பதினேழு வயதில் அக்டோபரில் இருந்த மனசு ஏப்ரலில் இருக்குமா என்பது நியாயமான சந்தேகம். என் மகளுக்கு அக்டோபரில் உயிராக இருந்த கல்லூரி, பிப்ரவரியில் பெயர் சொன்னாலே முகம் சுளிக்கும் கல்லூரி ஆகிவிட்டது. நல்லவேளை, இ.டி. போடவில்லை.

இ.டி.-யோடு சேர்த்து இ.ஏ. விண்ணப்பங்களும் போடலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பொறியியல் பக்கம் போகிறவர்கள் பர்டியூ, இல்லினாய், ஜார்ஜியா டெக் மூன்றையும் நவம்பரிலேயே அனுப்பிவைத்தால், இ.டி. கைவிட்டாலும் வெறுங்கையாக நிற்க வேண்டியதில்லை. ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் போன்ற கட்டுப்பாடுள்ள ஏர்லியை மட்டும் இ.டி.-யோடு சேர்க்க முடியாது.

நாள்காட்டி

ஏர்லியில் போடுவதென்றால் எஸ்.ஏ.டி. ஆகஸ்டிலேயே முடிந்திருப்பது நல்லது, அக்டோபர் கடைசி வாய்ப்பு. பிரவுன், டார்ட்மத், எம்.ஐ.டி. உட்படப் பல இடங்களில் தேர்வு மதிப்பெண் மறுபடியும் கட்டாயமாகிவிட்டது. இரண்டு ஆசிரியர்களிடம் கடிதத்துக்குக் கோடை விடுமுறைக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். இந்தியப் பள்ளிகளில் 9 முதல் 11 வரையிலான மதிப்பெண் பட்டியலும் 12-ஆம் வகுப்புக்கான எதிர்பார்ப்பு மதிப்பெண்ணும் பள்ளியிலிருந்து வர வேண்டும். கவுன்சிலர் என்று யாரும் இல்லாத பள்ளியில் தலைமையாசிரியரோ ஓர் ஆசிரியரோ அந்த வேலையைச் செய்யலாம். ஆனால் அவருக்கு இ.டி. என்றால் என்ன, எதற்குக் கையெழுத்து என்று நீங்கள் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும்.

காலாண்டுத் தேர்வும் தீபாவளியும் இந்த மாதங்களில்தான் வரும். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, கடைசி நாள் நவம்பர் 1. வெடிச் சத்தத்துக்கு நடுவே கட்டுரை திருத்திய வீடுகளை எனக்குத் தெரியும். நிதி உதவிக்கான சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவத்துக்குத் தனிக் கடைசி நாள் இருக்கும், பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்திலேயே. அதைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம்.

கட்டுரை பழுக்கவில்லை, 12-ஆம் வகுப்பு முதல் பருவ மதிப்பெண் வந்தால் நிலைமை மேம்படும் என்றால் நவம்பரை விட்டுவிடுங்கள். அரைவேக்காட்டு இ.டி.-யைவிட நன்றாக வெந்த இ.டி. இரண்டாம் சுற்றோ ரெகுலரோ மேல்.

டிசம்பர் நடுவில்

மூன்று விதமான பதில் வரும். இல்லை என்று வந்தால் அந்தக் கல்லூரிக்கு அந்த வருடம் மறுபடி போட முடியாது. அன்று இரவு அழுதுவிட்டு, மறுநாள் மற்ற விண்ணப்பங்களைத் திறக்க வேண்டியதுதான். ஜனவரி 1-க்கு இரண்டு வாரம்தான் இருக்கும். அதனால் ரெகுலர் கட்டுரைகளை நவம்பரிலேயே எழுதி முடித்து வையுங்கள். துக்கத்தில் எழுதும் கட்டுரை துக்கமாகத்தான் இருக்கும். இரண்டாவது விருப்பத்தில் இருக்கும் கல்லூரி இ.டி. இரண்டாம் சுற்று வைத்திருந்தால் யோசிக்கலாம். அதற்கும் பணக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

தள்ளிவைத்தால், அதாவது "டிஃபர்" செய்தால், விண்ணப்பம் ரெகுலர் குவியலுக்குப் போகும். அதோடு ஒப்பந்தமும் முடிந்தது. மார்ச்சில் இடம் கிடைத்தாலும் சேர வேண்டிய கட்டாயமில்லை. இப்போது வேறு கல்லூரிக்கு இ.டி. இரண்டாம் சுற்றும் போடலாம். கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்றால் ஜனவரி, பிப்ரவரியில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்: புதிய மதிப்பெண், புதிதாகச் செய்தது, இன்னமும் அங்கே வரவே விருப்பம் என்ற ஒரு வரி. பத்துப் பரிந்துரைக் கடிதம், சாக்லேட் பெட்டி எல்லாம் வேண்டாம். சாக்லேட் அனுப்பியவர்கள் உண்டு.

இடம் கிடைத்தால், வீட்டில் இனிப்புக் கொடுத்து முடித்த கையோடு மற்ற எல்லாக் கல்லூரிக்கும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட வேண்டும். கட்டிய விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. நிதி உதவிக் கடிதம் கூடவே வந்திருக்கும். கால்குலேட்டர் காட்டியதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருந்தால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே பேசுங்கள். ஊரில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று: கடிதம் வந்த சந்தோஷத்தில் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். பள்ளி அனுப்பியது எதிர்பார்ப்பு மதிப்பெண். இறுதி மதிப்பெண்ணைக் கல்லூரி கோடையில் கேட்டு வாங்கும். ரொம்பக் கீழே போனால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. மார்ச்சில் பொதுத்தேர்வு இருக்கிறது.